மார்க்கெட்டிங்கா? மேனேஜ்மெண்டா? குற்றாலம் கடையில் இருக்கு பதில்!

தென்காசி பக்கம் சாரல் விழும் நேரமும் கல்லூரி அட்மிஷன் நேரமும் ஒன்றாகவே வரும். பி.பி.ஏ. சேரப்போகும் பிள்ளைகள் வீட்டில் ஒரே கேள்வி: மார்க்கெட்டிங்கா, மேனேஜ்மெண்டா?

"யாவாரம் பண்ண படிப்பு எதுக்குல?" என்று அதட்டும் அப்பாக்களும் உண்டு!

குற்றாலம் அருவிக்கரைக் கடைகளைப் பார்த்தால் விஷயம் புரியும். ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான் சீசன். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு போகிறவரை நிறுத்தி மங்குஸ்தான் வாங்க வைப்பது மார்க்கெட்டிங். சாரல் பொய்த்து, அருவி வறண்டு, கூட்டம் வராவிட்டால்? பழம் அழுகிவிடும். எவ்வளவு சரக்கு எடுப்பது, எத்தனை ஆள் வைப்பது, சீசன் காசில் மிச்ச 9 மாதத்தை எப்படி ஓட்டுவது... இதெல்லாம் மேனேஜ்மெண்ட்.

பக்கத்து மத்தளம்பாறைக்கு 2011-ல் ஜோஹோ கம்பெனி வந்தது. சாப்ட்வேர் எழுதினால் மட்டும் போதாது, அதை விற்கவும் ஆள் வேண்டும்.

நல்லவேளை, பி.பி.ஏ.வில் பொதுவாக இரண்டு பாடமுமே வரும். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில்தான் பெரும்பாலும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். சில இடத்தில் முதலிலேயே பிரிப்பதும் உண்டு. வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். கூச்சப்படுகிற பிள்ளை என்றால், ஆர்டர் பிடிக்க தெருத்தெருவாக அலைய சம்மதமா என்று பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.