பின்னாலேயே வரும் வண்டி



சினிமாவில் போலீஸ் ஜீப் திருடன் காரைத் துரத்துவதை எல்லோரும் பார்த்திருப்பீங்க. சைரன் அலறும், தள்ளுவண்டி கவிழும், தக்காளி உருண்டு ஓடும். அது துரத்துதல். அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் பின்தொடர்தல். துரத்துகிறவர் வண்டியைப் பிடிக்கணும். பின்தொடர்கிறவர் பிடிக்கவே கூடாது. அது எங்கே போகுது, எங்கே நிற்குது என்று சத்தமில்லாமல் தெரிஞ்சுக்கணும்.

ஒரு கார் ஏன் போதாது?

கார் ஓட்டுகிறவருக்கு உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரே கார் பத்து நிமிஷம் பின்னாலேயே வந்தால் சந்தேகம் வந்துடும். சரி, தள்ளிப் போகலாம் என்றால், சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்ததும் முன்வண்டி போயே போச்சு! அதனால் காவல்துறையினர் பல வண்டிகளில் சேர்ந்து போவார்கள்.

1. கண்ணைப் பறிக்காத சாதாரண வண்டியில் போவார்கள். நடுவில் ஒன்றிரண்டு வண்டிகளை விட்டு வருவார்கள்.

2. முன்வண்டி திரும்பினால் முதல் கார் திரும்பாமல் நேராகப் போய்விடும். அதற்குப் பின்னால் வரும் இரண்டாவது கார் திரும்பி, வேலையை எடுத்துக்கொள்ளும். நம்ம ரிலே ஓட்டத்தில் குச்சி கை மாறுவது போல!

3. இன்னொரு கார் பக்கத்துத் தெருவிலேயே இணையாகப் போகும். எல்லோரும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வார்கள்.

கருவி வந்தது, கேள்வியும் வந்தது

இப்போது ஜி.பி.எஸ். கருவி செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. 2005ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகர வழக்கு ஒன்றில், ஜோன்ஸ் என்பவர் ஓட்டிய வண்டியின் அடியில் போலீசார் இந்தக் கருவியைப் பொருத்தி 28 நாள் கண்காணித்தார்கள். 10 நாளுக்குள், வாஷிங்டனுக்குள் பொருத்தணும் என்பது நீதிமன்ற அனுமதி. அவர்களோ 11வது நாள், மேரிலாந்து மாநிலத்தில் பொருத்தினார்கள். 2012ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும், இதுவும் ஒருவரைச் சோதனை போடுவதுதான் என்று ஒரே முடிவாகச் சொன்னார்கள். அவர்களில் அலிட்டோ என்ற நீதிபதி, இதையே பழைய முறையில் செய்வதென்றால் நிறைய ஆட்களும் பல வண்டிகளும் வேண்டியிருக்கும் என்று எழுதினார். வேலை சுலபமாகிவிட்டது என்பதற்காக யாரை வேண்டுமானாலும் வேவு பார்க்கலாமா? போலீசாக இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் பின்தொடரணும்.

நம் நாட்டுச் சட்டம்

பெண்ணுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் பின்னால் வந்து மறுபடி மறுபடி பேச முயல்வது 2013 முதல் தனிக்குற்றம். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவில் இருக்கிறது. முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அரசு பொறுப்புக் கொடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. 18 வயது ஆகாத பிள்ளைகளைக் கெட்ட எண்ணத்தோடு அடிக்கடி பின்தொடர்ந்தால் போக்சோ சட்டம் பாயும். அது ஆண் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்தொடர்கிற போலீசுக்கே பல வண்டி வேணும் என்று பார்த்தோம். நம் சைக்கிள் பின்னால் வருகிறவனுக்கு இருப்பது ஒரே ஒரு பைக். எனவே கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

* வேகத்தைக் குறையுங்கள். வேலையாகப் போகிறவர் முந்திப் போய்விடுவார். அவனும் குறைத்தால் கவனியுங்கள்.

* டவுனில் காரில் போகும்போது நான்கு முறை இடப்பக்கமே திரும்பினால், பெரும்பாலும் புறப்பட்ட தெருவுக்கே வந்துவிடலாம். வேலையாகப் போகிற யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். அதே வண்டி அப்போதும் பின்னால் இருந்தால் சந்தேகம் உறுதி.

* சந்தேகம் வந்தால் ஆளில்லாத குறுக்கு வழியில் போகாதீங்க. வீட்டில் யாரும் இல்லையென்றால் வீட்டுக்கும் போகாதீங்க. நாலு பேர் இருக்கும் மளிகைக் கடை, டீக்கடை, பஸ் ஸ்டாப் பக்கம் போய் நில்லுங்கள்.

* வண்டியின் நிறமும் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் மனதில் இருக்கட்டும்.

* அன்றைக்கே அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள். 1098, 112 இரண்டுக்கும் காசில்லாமல் போன் செய்யலாம்.

"சொன்னால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடுவாங்களே" என்று பல பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெற்றோர்களே, இதையும் படியுங்கள். தப்பு செய்தவன் பைக்கில் வந்தவன். நிறுத்த வேண்டியது அவன் வண்டியை, எங்கள் படிப்பை அல்ல!

விழிப்போடு இருப்போம்! பயமின்றிப் படிப்போம்!

– 9ஆம் வகுப்பு மாணவி