பணம் கட்டுமுன் தடுப்பூசியைக் கேளுங்கள்

தாசேக் கெலுகோரிலிருந்து பட்டர்வொர்த் வந்து பெரி ஏறினால், அக்கரையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை. குடும்பத்தோடு ஏறிவிடலாம் என்று தோன்றும். ஆனால், கப்பலின் விதி வேறு. கரையின் விதி வேறு. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் 'கோஸ்டா ஃபோர்ச்சுனா' கப்பலை முதலில் புக்கெட்டும், பிறகு பினாங்கும் ஏற்க மறுத்தன. சுமார் 2,000 பயணிகள் சிங்கப்பூரில்தான் கரையிறங்க முடிந்தது.

2022 ஆகஸ்ட் 1 முதல், மலேசியாவுக்குள் வரக் கோவிட் தடுப்பூசி கட்டாயமில்லை. அதோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக்கூடாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்குப் போய்த் திரும்புவோரிடம் நம் நாடே அதற்கான தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லும். பிறகு ஆயுள் முழுதும் செல்லும்.

சிக்கல் எங்கே? 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஊசியை வழக்கமாகப் போடுவதில்லை. 60 வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டிக்கு மருத்துவர் யோசித்தே போடுவார். ஆகவே, வீட்டில் ஆகச் சிறியவர், ஆக மூத்தவர் இருவரின் வயதையும் சொல்லி, கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் முகவரிடம் கேளுங்கள். அந்த இருவருக்கும் வழி தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு டிக்கெட் எடுங்கள்.