கழற்றிப் பூட்ட மறையும் பழுது

ஏ-35 வீதியால் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் சரக்கெல்லாம் புதுக்குடியிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நெல்லும் கிரவலும் சீமெந்தும் ஐஸ் போட்ட மீனும் ஏற்றி ஓடும் லொறிச் சாரதிகளுக்கு ஒரு பழுது நன்றாகவே தெரியும். மத்தியான வெயிலில் நல்லாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் புகையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நின்றுவிடும். டாஷ்போர்ட்டில் மஞ்சள் லைற் ஒன்று எரியும். அரை மணித்தியாலம் நிழலில் விட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனாலோ எல்லாம் சரியாக இருக்கும்.

வன்னியில் மலேரியா இருந்த காலத்தில் காய்ச்சலும் இப்படித்தான் விட்டுவிட்டு வந்தது. காய்ச்சல் இறங்கியபின் ஆளைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. அந்தக் காய்ச்சலின் குணம் இப்போது லொறி எஞ்சின்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி வந்து போகும் பழுதுகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுவது சென்சர். பல தடவைகளில் உண்மையான குற்றவாளி அதற்குப் போகும் வயரும் அந்த வயரின் முனையில் உள்ள பிளக்கும்தான். இதைப் பிரித்தறிவதற்கு விலை கூடிய கருவியை விட, வேலையைச் செய்யும் ஒழுங்கே முக்கியம்.

மண்ணெண்ணெயிலிருந்து கணினிக்கு

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் வருவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். அந்த எஞ்சின்களைக் காதாலும் மூக்காலும் கைவிரலாலும் திருத்திய பாஸ்மார் வன்னியில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பொறிமுறைப் பம்ப் கொண்ட டீசல் எஞ்சின் தன் வருத்தத்தை மறைக்காது. கறுப்புப் புகை என்றால் ஒன்று, வெள்ளைப் புகை என்றால் வேறொன்று, தட்டும் சத்தம் என்றால் இன்னொன்று.

வடக்கில் மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய அதே 1995இல், ஜப்பானில் டென்சோ நிறுவனம் ஹினோ ரேஞ்சர் லொறியில் ‘கொமன் ரெயில்’ என்ற எரிபொருள் முறையைக் கொண்டுவந்தது. உலகில் விற்பனைக்கு வந்த லொறிகளில் இந்த முறை அமைந்தது அதுவே முதல் தடவை. இதில் டீசல் ஒரு தடித்த குழாயில் உயர் அழுத்தத்தில் சேர்த்து வைக்கப்படும். எந்த இன்ஜெக்ரர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை எஞ்சின் கணினி முடிவு செய்யும். அந்த முடிவுக்குத் தேவையான செய்தி முழுவதும் சென்சர்களிடமிருந்து வருகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலானோர் கையிலிருந்த லொறிகளையே ஓட்ட வேண்டியிருந்தது. அவற்றின் வயர்களுக்கும் பிளக்குகளுக்கும் அந்த ஆண்டுகளும் சேர்ந்து வயதாகிவிட்டது.

பல்லும் அழுத்தமும்

இரண்டு சென்சர்களைப் புரிந்துகொண்டால் மற்றவையும் புரியும்.

முதலாவது, கிராங்க் தண்டின் நிலையைச் சொல்லும் சென்சர். பல எஞ்சின்களில் தண்டோடு சுழலும் சில்லில் 60 பற்களுக்கு இடம் விட்டு, அடையாளத்துக்காக இரண்டை எடுத்து, 58 பற்கள் வைத்திருப்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும்போது சென்சரின் முன்னால் ஒரு செக்கனுக்கு 1900க்கு மேற்பட்ட பற்கள் கடக்கும். பிஸ்ரன் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி இதை வைத்தே கணக்கிடுகிறது. பல்லுக்கு ஒன்றாகச் சென்சர் அனுப்பும் மின்துடிப்பு நின்றால் டீசல் தெளிப்பதையும் நிறுத்திவிடும். எஞ்சின் புகையில்லாமல் நிற்பதன் காரணம் இதுதான்.

இந்தச் சென்சர்களில் ஒரு வகைக்குள் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். கம்பி எங்காவது கீறலாக அறுந்திருந்தால், சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் விரிந்து முனைகள் பிரியும். ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். இங்கே இன்னொரு விடயமும் சேர்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர்ப் பம்பும் விசிறியும் நின்றுவிடுவதால், உள்ளே இருந்த சூடு வெளிப்புறத்துக்குப் பரவும். நிறுத்திய பின் கொஞ்ச நேரத்துக்குச் சென்சரின் வெப்பநிலை ஓடியபோது இருந்ததை விடக் கூடலாம். தேத்தண்ணீர் குடிக்க நிறுத்திய லொறி திரும்ப ஸ்ரார்ட் வராமல் அடம்பிடிப்பது இதனால்தான். இப்படியான இடத்தில் சென்சரே பழுதாக இருக்க இடமுண்டு.

இரண்டாவது, டீசல் குழாயின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சர். கணினி அதற்கு 5 வோல்ற் கொடுக்கும். அது 0.5 முதல் 4.5 வோல்ற் வரையான ஓர் அளவைத் திருப்பிக் கொடுக்கும். 0.5 வோல்ற் என்றால் பூச்சியம், 4.5 வோல்ற் என்றால் 2000 பார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1.5 வோல்ற் 500 பாரைக் குறிக்கும்.

இந்தச் சென்சரின் ஏர்த் வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்து 20 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். சென்சர் எடுக்கும் மின்னோட்டம் 10 மில்லி அம்பியர் அளவுதான். ஓமின் விதிப்படி அந்த முனையில் 0.2 வோல்ற் இழக்கப்படும். அந்த இழப்பு சென்சருக்குக் கிடைக்கும் வழங்கலையும் சற்றுக் குறைப்பதால், கணினிக்குப் போக வேண்டிய 1.5 வோல்ற் 1.64 ஆகப் போய்ச் சேரும். 500 பார் அழுத்தத்தை அது 570 பார் என்று வாசிக்கும். கூடிவிட்டது என்று எண்ணிப் பம்பைக் குறைக்கும். லொறி ஏற்றத்தில் இழுக்காது. பம்பும் இன்ஜெக்ரரும் சென்சரும் நன்றாக இருக்க, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஒரு விதி எஞ்சினின் வலுவைத் தின்றுவிடுகிறது.

கோட் சொல்வது என்ன?

எஞ்சின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் பூட்டினால் ஒரு பழுதுக் கோட் வரும். பாரவாகனங்கள் பலவற்றில் பயன்படும் ஜே-1939 என்ற முறையில் அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் எண் எந்தப் பகுதி என்பதையும் இரண்டாவது எண் அதில் என்ன வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். முதல் எண் 157 என்றால் டீசல் குழாய் அழுத்தம், 110 என்றால் எஞ்சின் தண்ணீரின் வெப்பநிலை. இரண்டாவது எண் 3 என்றால் வோல்ற் அளவு மேலே போய்விட்டது, 4 என்றால் கீழே விழுந்துவிட்டது, 5 என்றால் சுற்று அறுந்திருக்கலாம், 2 என்றால் செய்தி தாறுமாறாக வந்து போகிறது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 157, 3 என்று வந்ததும் அழுத்தச் சென்சர் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தக் கோட் சொன்னது, அந்தச் சுற்றில் வோல்ற் அளவு கூடிப்போனது என்பதை மட்டுமே. சுற்று என்றால் சென்சர், மூன்று வயர், இரண்டு பக்கப் பிளக், கணினி எல்லாம் சேர்ந்தது.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சர்களுக்குக் கோட் விழுந்திருந்தால் அது நல்ல துப்பு. அத்தனை சென்சர்களும் ஒன்றாகப் பழுதாவது அரிது. பல சென்சர்கள் ஒரே 5 வோல்ற் வழங்கலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றின் வழங்கல் வயர் சட்டத்தில் உராய்ந்து தோல் உரிந்து இரும்பைத் தொட்டால் எல்லாமே விழும். வயர்ப் படத்தில் அவை கூடும் இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

புதுச் சென்சர் வாங்கிய பெயர்

பிளக்கின் உள்ளே இருக்கும் பின்கள் பல வெள்ளீயம் பூசப்பட்டவை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்வது சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே. எஞ்சின் அதிர்வில் அந்த மேடுகள் மைக்ரோன் அளவில் முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டுக் காற்றோடு சேர்ந்து ஒட்சைட்டாகும். அந்தத் தூள் இடையில் சேரச் சேரத் தொடுகை கெடும். முதலில் சில மில்லிசெக்கனுக்கு மட்டும் மின்னோட்டம் தடைப்படும். நாள் போகத் தடைப்படும் நேரம் நீளும்.

சென்சரை மாற்றும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பழையதைக் கழற்றப் பிளக்கை இழுக்க வேண்டும், புதியதைப் பூட்டப் பிளக்கை அழுத்த வேண்டும். அந்த இழுப்பிலும் அழுத்தலிலும் பின்களிலிருந்த ஒட்சைட்டுத் தூள் சுரண்டப்பட்டுவிடும். லொறி சரியாகிவிடும். பெயர் புதுச் சென்சருக்குப் போகும். சில கிழமைகளில் பழுது திரும்பி வரும்போது, ‘டூப்ளிக்கேற் சாமான்’ என்று கடைக்காரனுக்குத் திட்டு விழும். பழைய சென்சரையே கழற்றிப் பூட்டியிருந்தாலும் லொறி அத்தனை கிழமையும் ஓடியிருக்கும்.

ஆகவே முதல் விதி: அளக்கும் முன் எதையும் கழற்றாதீர்கள். கழற்றிய கணத்தில் சாட்சியம் அழிந்துவிடுகிறது.

வரவழைத்துப் பிடித்தல்

வந்து போகும் பழுதைத் தேடிப் பிடிக்க முடியாது. அதை வரவழைக்க வேண்டும். முதலில் சாரதியிடம் விபரமாகக் கேட்பது. சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா பள்ளத்திலா, மழைக்குப் பிறகா, பாரத்தோடா வெறுமையாகவா? அடுத்தது, கோட்டை அழிக்காமல் படம் எடுத்து வைப்பது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கானர் திரையில் அந்தச் சென்சரின் அளவைப் பார்த்தபடி, வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பார்ப்பது. சூட்டில் வரும் பழுதென்றால் தலைமயிர் காயவைக்கும் கருவியால் சென்சரை மட்டும் சூடாக்கிப் பார்ப்பது. மழையில் வருவதென்றால் பிளக்குகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளிப்பது. எந்த இடத்தில் அளவு துள்ளுகிறதோ அங்கேதான் பழுது.

மல்ரிமீற்றரின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட மின்னோட்டம் ஏதும் எடுக்காமலே அளப்பதால், ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வழங்கல் வயரும் 24 வோல்ற் என்று காட்டும். கணினி 10 அம்பியர் கேட்கும்போது 1 ஓம் தடை இருந்தால் 10 வோல்ற் வழியிலேயே போய்விடும். ஆகவே மற்ற அளவுகளை எடுத்து முடித்த பிறகு கணினியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வழங்கல் வயரிலும் ஏர்த் வயரிலும் 21 வாற் பல்ப் ஒன்றைப் பூட்டிச் சுமையோடு அளக்க வேண்டும். சென்சர்களின் 5 வோல்ற் வயரில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, கணினியே எரிந்துவிடக்கூடும். கிராங்க் சென்சரில் ஒரு பல் தவறுவது அரை மில்லிசெக்கன் கதை. செக்கனுக்குச் சில தடவை மட்டும் எண்ணை மாற்றும் மல்ரிமீற்றர் அதைக் காணாது. மின்துடிப்பை அலையாக வரைந்து காட்டும் அலைவுகாட்டிதான் அதற்குத் தேவை. கையில் அடங்கும் அளவில் இப்போது அது கிடைக்கிறது.

பழைய பழக்கம் ஒன்றைக் கட்டாயம் கைவிட வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எஞ்சினில் இன்ஜெக்ரர் குழாயின் நட்டைத் தளர்த்துவது பழைய பம்ப் காலத்து வித்தை. கொமன் ரெயிலில் அழுத்தம் 1600 பாரைத் தாண்டக்கூடும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். வயரின் தோலை ஊசியால் குத்தி அளப்பதும் கூடாது. நந்திக்கடல் பக்கத்து உப்புக் காற்று அந்தத் துளையால் நுழைந்து செம்பைப் பச்சையாக்கும்.

பார்க்கிற வேலைக்கும் கூலி

வன்னியின் மண்ணும் காலநிலையும் வயருக்கு எதிரானவை. கிரவல் ஒழுங்கைகளின் குலுக்கல், கோடையில் புழுதி, மாரியில் வட்டுவாகல் பக்கம் ஏறும் தண்ணீர், நெல் மூட்டையைத் தேடி வந்து வயரைக் கடிக்கும் எலி என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்கிறது. இதைக் கையாளப் படித்த இளைஞர்கள் உருவாகி வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் ஒரு பாடநெறி.

தடையாக நிற்பது நம் கணக்குத்தான். சென்சருக்குக் காசு கொடுக்க லொறிச் சொந்தக்காரர் தயங்குவதில்லை. ஆனால் அரை நாள் இருந்து அளந்து, “சாமான் ஒன்றும் மாற்றத் தேவையில்லை, பின் ஒன்றைத்தான் துப்பரவாக்கினேன்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம், “அதுக்கு ஏன் தம்பி இவ்வளவு?” என்று கேட்கிறோம். சாமானுக்கு மட்டுமே காசு கிடைக்கும் என்றால் மெக்கானிக்கும் சாமானைத்தான் மாற்றுவார்.

லொறி வைத்திருப்பவர்களுக்கு மூன்றே வேண்டுகோள்கள். சாரதி இருக்கையின் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, பழுது வந்த நேரம், இடம், பாரம், வெயிலா மழையா என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை சென்சரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். அளந்து சொன்னவருக்கு, அளந்ததற்கான கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.