கல்யாண போட்டோகிராபருக்கு மூணு லட்ச ரூபாய் கேமரா தேவையா?

கல்யாணம் நிச்சயமானதும் முதலில் மண்டபம், அப்புறம் சமையல், அதற்கடுத்து போட்டோகிராபர். பேச்சு ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "தம்பி, என்ன கேமரா வச்சிருக்கீங்க?" போட்டோகிராபரும் தயாராக இருப்பார். மாடல் பெயரைச் சொல்வார், ஃபுல் ஃப்ரேம் என்பார், 4கே என்பார். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டுவார். படம் எப்படி வரும் என்பது மட்டும் அந்தப் பேச்சில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய பணம் இருக்கிறது. ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பாடி, கூடவே 24-70, 70-200 என்று எஃப் 2.8 லென்ஸ் இரண்டு, ஃபிளாஷ், கார்டு, பேட்டரி என்று கம்பெனி சரக்காகவே வாங்கினால் ஐந்து லட்சத்தை சாதாரணமாகத் தாண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைப் பெரும்பாலும் இ.எம்.ஐ.யில்தான் வாங்குகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. இ.எம்.ஐ.க்கு ஆடி, மார்கழி எல்லாம் பார்க்கத் தெரியாது. அந்தச் சுமை பேக்கேஜ் விலையில் ஏறி, கடைசியில் கல்யாண வீட்டுக் கணக்கில் வந்து உட்கார்கிறது.

அப்படியானால் விலை உயர்ந்த கேமரா உண்மையிலேயே தேவையா, இல்லை வெறும் பந்தாவா? இரண்டு நாள் கல்யாணத்தில் பெரும்பகுதி நேரத்துக்குத் தேவையில்லை. சில நிமிடங்களுக்குக் கட்டாயம் நல்ல கருவி வேண்டும். அந்த நிமிடங்களில் எதற்குப் பணம் போட வேண்டும் என்பதில்தான் பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

கெட்டிமேளம் கேட்ட அந்த ஒரு நிமிடம்

முகூர்த்தம் அதிகாலை 4.30 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருட்டு. மேடையில் மஞ்சள் ஃபோகஸ் லைட், பின்னால் நீலமும் ரோஸுமாக மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி அலங்காரம், நடுவில் ஹோமப் புகை. ஐயர் கை காட்டுகிறார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகின்றன. கூட்டம் எழுந்து நிற்கிறது, அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை முடிச்சு போட, மீதி முடிச்சை நாத்தனார் போட, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

"இன்னொரு தடவை தாலியைப் பிடிச்ச மாதிரி கையை வைங்க" என்று கேட்டு எடுக்கிறவர்களும் உண்டு. அதில் கை கிடைக்கும். பெண்ணின் கண் கலங்கிய முகமும், பின்னால் நிற்கிற அம்மாவின் முகமும் கிடைக்காது.

இங்கே பிரச்சினை இரண்டு. வெளிச்சம் குறைவு, ஆட்கள் அசைகிறார்கள். அசைவு மங்காமல் இருக்க ஷட்டர் வேகம் நொடியில் 125-ல் ஒரு பங்காவது வேண்டும். அந்தச் சின்ன நேரத்துக்குள் போதுமான வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

புது கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் துளை எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குப் பதில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 3200-ல் எடுக்கிற படத்தை கிட் லென்ஸில் எடுக்க ஐ.எஸ்.ஓ.வை 30,000 பக்கம் கொண்டுபோக வேண்டும். பட்டுப் புடவை ஜரிகை மணல் கொட்டியது போல ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பல கம்பெனிகளின் லென்ஸ் பட்டியலில் விலை மிகவும் குறைந்தவற்றில் ஒன்று இந்த 50 மி.மீ. எஃப் 1.8.

இப்போது பாடிக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. சாதாரண ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பளவைப் போட்டுப் பாருங்கள்: பெரியது சிறியதைப் போல 2.4 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால், இருட்டில் கிடைக்கும் லாபம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். சில ஆயிரம் ரூபாய் லென்ஸ் பத்து மடங்கு கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம். எஃப் 1.8-ல் ஃபோகஸ் ஆழம் ரொம்பக் குறைவு. பெண்ணின் கண் ஷார்ப்பாக இருக்கும், மாப்பிள்ளையின் கை மங்கிவிடும். சின்ன சென்சாரில் அந்த லென்ஸ் 75 மி.மீ. போலப் பார்க்கும் என்பதால் பின்னால் நகர வேண்டியிருக்கும். மேடையில் பின்னால் நகர இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் அனுபவசாலிகள் 24-70 எஃப் 2.8 ஜூமை நம்புகிறார்கள். அதற்கு ஆகும் செலவு நியாயமான செலவு. கேமராவைவிட லென்ஸ் ரொம்ப வருஷம் உழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தாலும் தீராத கோடு

இப்போது மண்டபங்களில் எல்இடி வந்த பிறகு புதிதாக ஒரு தலைவலி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி விளக்குகள் பலவும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். முக்கியமாக, சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். மூணு லட்ச ரூபாய் கேமராவிலும் விழும்.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் இலவசம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு என்றால் கொஞ்சம் அசைவு மங்கும்தான். முகத்தில் கோடு விழுவதைவிட அது பரவாயில்லை. 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2 முதல், விளக்கு முழுசாக எரிகிற கணத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியும் சில கேமராக்களில் இருக்கிறது. ஆனால் மேடைக்குப் பின்னாலுள்ள பெரிய எல்இடி திரை இந்தக் கணக்குக்கும் எப்போதும் கட்டுப்படாது. முதல் நாள் மாலை வரவேற்பிலேயே நாலு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் மறுநாள் காலை நிம்மதி.

ஃபிளாஷ் விஷயமும் இப்படித்தான். கம்பெனி ஃபிளாஷ்தான் வேண்டும் என்பதில்லை. கோடாக்ஸ் போன்ற பிராண்டுகள் வந்த பிறகு, ஸ்டாண்டில் தனியாக வைத்து டிரிக்கரில் இயக்கும் ஃபிளாஷ் பலருக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறது. அதை எந்த மூலையில் வைப்பது, சீலிங் உயரமான மண்டபத்தில் வெளிச்சத்தை எதில் பட்டுத் திரும்ப வைப்பது என்பது தெரியாவிட்டால், விலை உயர்ந்த ஃபிளாஷும் முகத்தை வெள்ளையடித்துவிடும்.

இரண்டு கார்டுக்கு மட்டும் சமரசம் கிடையாது

உயர்ரக கேமராவுக்காகப் பேச நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது படத்தின் தரத்தைப் பற்றியதே கிடையாது. மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். கார்டு போனால் கல்யாணம் போனது.

ஒரே படத்தை ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும் கேமராவில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. 2012-ல் வந்த கேனான் 5டி மார்க் 3, 2014-ல் வந்த நிக்கான் டி750, 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3 மூன்றிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. அதே 2018-ல் நிக்கான் இசட் 6, இசட் 7, கேனான் ஈஓஎஸ் ஆர் ஆகியவை ஒரே ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாண போட்டோகிராபர்கள் முகம் சுளித்தார்கள். 2020-ல் இசட் 6 மார்க் 2 இரண்டு ஸ்லாட்டோடு வந்தது. கேனான் ஆர்6-ம் அதே ஆண்டு இரண்டு ஸ்லாட்டோடு வந்தது.

விலை குறைந்த தொடக்க நிலை மாடல்களில் பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான். கையில் பணம் குறைவாக இருக்கிற புதியவருக்கு இங்கே ஒரு வழி உண்டு. கடைக்கு நேற்று வந்த மாடலுக்குப் பதிலாக, இரண்டு ஸ்லாட் உள்ள பழைய மாடலை செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பாருங்கள். 5டி மார்க் 3-ன் ஷட்டருக்கு கேனான் சொன்ன ஆயுள் 1,50,000 கிளிக். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால் ஐம்பது கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேலும் ஓடலாம், ஆனால் முகூர்த்த மேடையில் அதை நம்பி நிற்க முடியாது.

அதனால் ஐந்து லட்சத்தில் ஒரே பாடியோடு வருகிறவரைவிட, நடுத்தர விலையில் இரண்டு பாடி வைத்திருக்கிறவரே என் கணக்கில் பாதுகாப்பானவர். ஒன்று மக்கர் பண்ணினால் கழுத்தில் இன்னொன்று தொங்க வேண்டும். "கார்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்பதெல்லாம் தாலி கட்டும்போது செல்லாது.

மெகாபிக்சலை மறந்துவிடலாம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் ஊர் ஆல்பத்தில் பரவலான அளவு 12-க்கு 36 இன்ச் விரிப்பு, அதாவது ஒரு பக்கம் 12-க்கு 18. இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அந்தப் பக்கத்தை ஒரே படம் நிரப்பினாலும் தேவை 20 மெகாபிக்சலுக்குள்தான். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகப் போதும். 45 மெகாபிக்சலுக்குப் போனால் 3,000 ரா ஃபைல் சேர்ந்து 150 ஜிபி பக்கம் வரும். ஹார்ட் டிஸ்க் கடைக்காரருக்கு சந்தோஷம். சொந்தக்காரர்கள் எப்படியும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

சரி, போனே போதுமே?

மெஹந்தி, நலங்கு, பகல் வெளிச்சத்தில் எடுக்கிற ஜோடி படங்கள், அன்றைக்கே போடுகிற ரீல்ஸ் இதற்கெல்லாம் நல்ல போன் தாராளம். இப்போது பல டீம்களே ரீல்ஸுக்கென்று தனியாக ஒருவரிடம் போனைக் கொடுத்து நிறுத்துகிறார்கள்.

இருட்டில் கதை வேறு. போனின் நைட் மோடு, அடுத்தடுத்து பல ஃப்ரேம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது பிரமாதம். கெட்டிமேளத்தில் எல்லாரும் அசைகிறார்கள், கை இழுபட்டுப்போகும். வெளியே ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷை போனிலிருந்து இயக்குவதும் சுலபமில்லை. அதற்கும் மேலே, நாற்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மறைக்கும் கூட்டத்தில் நாற்பத்தொன்றாவது ஆளாக நின்று என்ன எடுக்க முடியும்?

எங்கே நிற்பது என்று தெரிய வேண்டும்

பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ரோல் போட்டால் 6-க்கு 6 அளவில் 12 படம்தான். 35 மி.மீ. ஃபிலிமில் 36. அதற்குள் கல்யாணத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். அந்தக் காலமே காலம் என்று உருகத் தேவையில்லை. இருட்டானதும் மங்கியதும் ஆல்பத்துக்கே வரவில்லை என்பதால் நமக்கு நல்லது மட்டும் தெரிகிறது. ஆனால் ஒன்று: ஃபிலிம் கணக்கு பார்த்து எடுத்ததால், சடங்கில் அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

அந்த அறிவுக்கு இன்றும் மாற்று இல்லை. மாலை மாற்றும்போது மாமா எந்தப் பக்கமாகப் பெண்ணைத் தூக்குவார், நாத்தனார் எங்கிருந்து குனிவார், யார் கை எங்கே மறைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர், தவில் வேகம் மாறும்போதே இடம் பிடித்திருப்பார். "அண்ணே, ஒரு நிமிஷம் உட்காருங்க, பின்னாடி பாட்டிக்கு மறைக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வழி உண்டாக்குவார். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லாத தேவாலயத்தில் எந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதிக்கு பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்டால், எவ்வளவு விலையுள்ள கேமராவும் அந்த இடத்தை நிரப்பாது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்பது என்றால் இதைக் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்ட இருபது படம் வேண்டாம். இருட்டு மண்டபத்தில், அதிகாலை முகூர்த்தத்தில் எடுத்த ஒரு முழு கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாலி கட்டும் பக்கத்தில் முகம் தெரிகிறதா, தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கார்டில் பதிவாகிறதா, இன்னொரு பாடி கையில் இருக்குமா, பேசுகிற இவரே வருவாரா இல்லை வேறு ஆளை அனுப்புவாரா என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு படம் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே அந்தக் காகிதம் உதவும்.

போட்டோகிராபராக இருந்தால், பெரிய ஆர்டர் வரும் நாளுக்கு மட்டும் 70-200 லென்ஸை வாடகைக்கு எடுங்கள். சென்னை, கோவை, மதுரை என எல்லா ஊரிலும் கிடைக்கிறது. முகூர்த்த நாளில் எல்லாரும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எடுத்து வந்ததும் உங்கள் பாடியில் மாட்டி, ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ரா ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், ஹார்ட் டிஸ்க் செலவு யாருடையது என்பதையும் கல்யாண வீட்டில் அப்போதே பேசிவிடுங்கள்.