ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நின்றபோது...

போன வருஷம் ஆடி மாதம். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக் கொண்டார். "தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். அவுக அப்பா தண்ணியப் போட்டுட்டு படுத்துக் கெடக்காரு. நீ கூட வா" என்று அழுதார். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். கூட்டாளிகளோடு பைக்கில் சுற்றியிருக்கிறான்; அது திருட்டு வண்டியாம்.

ஸ்டேஷனில் பையனுக்கு வயது 19 என்று எழுதி வைத்திருந்தார்கள். மீசை அரும்பிவிட்டதே, அதைப் பார்த்து எழுதினார்கள் போலிருக்கிறது. வாசலில் ஒரு ஆள், "இருபதாயிரம் குடுங்கம்மா, கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுத் தாரேன்" என்றான். அக்கா தோட்டைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். நான் தடுத்து, வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் என் சித்தி மகளுக்கு போன் போட்டேன். "காசை விடுக்கா, மொதல்ல பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டை எடுத்துட்டுப் போங்க" என்றாள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் மஞ்சள் பையில் அது இருந்தது. பதினாறு வயது எட்டு மாதம்! அந்த ஒரு காகிதத்தால்தான் எல்லாம் மாறியது.

18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, சகோதரிகளே. நம் மதராஸ் மாகாணத்தில் 1920-லேயே சிறுவர் சட்டம் வந்துவிட்டதாம். இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி பிள்ளையை லாக்-அப்பிலோ ஜெயிலிலோ அடைக்கக் கூடாது. கைவிலங்கு மாட்டக் கூடாது. பெற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் உண்டு. அவரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்றிதழ்தான் முதலில். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லை என்றால்தான் எலும்புப் பரிசோதனை.

குழுமம் என்றதும் சினிமாவில் வருகிற கோர்ட்டை நினைத்து அக்கா நடுங்கிப் போனார். அங்கே கூண்டு இல்லை. ஒரு மாஜிஸ்திரேட், கூட இரண்டு சமூக சேவகர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பையனிடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாப்பா?" என்றுதான். அக்கா அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு அழுதார்.

வக்கீலுக்குச் செலவே ஆகவில்லை. மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பிள்ளைகளுக்கு இலவசமாகவே வக்கீல் கொடுக்கிறார்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

பெரியவர்களுக்கு ஜாமீன் கிடைக்காத வழக்காக இருந்தாலும் பிள்ளைக்கு ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கமாம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்குக் குந்தகம் என்றால் மட்டும் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாத ஏழைகள், குழுமத்திடமே சொல்லி மாற்றிக் கேட்கலாம். எங்கள் பையனோ அந்தக் கூட்டாளிகள் சிக்கும் வரை நான்கு நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான்.

இதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்து போனான். அடித்ததால்தான் என்று அங்கிருந்த ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து, இல்லங்களைச் சீர்படுத்த அரசு யோசனை கேட்டது. அக்காவுக்கு இதெல்லாம் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்கப் போனபோதெல்லாம், "சட்டையைத் தூக்கிக் காட்டுப்பா" என்று சொல்ல வைத்தேன். நல்லவேளை, அவன் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை.

அப்புறம் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா குடிப்பதை மறைத்துவிடலாம் என்று அக்கா நினைத்தார். நான்தான், "சொல்லிருங்கக்கா, அது பையனுக்கு நல்லதுதான்" என்றேன். அந்த அறிக்கையை வைத்துத்தானே பையனுக்கு என்ன தேவை என்று முடிவு செய்கிறார்கள்! விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அதிகபட்சம் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். இது சிறு குற்றம்தான். அதனால் அதற்குள் முடியாவிட்டால் வழக்கே போய்விடும்.

16 வயதுக்கு மேல், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் என்கிற கொடுங்குற்றமாக இருந்தால் கதை வேறு. பையனின் மனநிலையை ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு கொண்டுவந்த மாற்றம் அது. அந்த நிலை வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

தை மாதம் முடிவு சொன்னார்கள். ஆலோசனை வகுப்பும், சில வாரம் சமூக சேவையும். இப்படிப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்று அன்றுதான் தெரிந்து கொண்டேன். வாட்ஸ்ஆப்பில் அவன் போட்டோவைப் பரப்பிய எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மறு நிமிஷமே அழித்துவிட்டார்!

பள்ளிக்கூடத்தில்தான் இழுத்தடித்தார்கள். இந்தச் சட்டப்படி வரும் தீர்ப்பால் பிள்ளையின் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவு வராது என்பதை வக்கீலம்மா கடிதமாக எழுதிக் கொடுத்தார். அக்கா அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, பதில் வரும் வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு, "நாளைலருந்து வரச் சொல்லுங்க" என்றார்கள்.

— ஒரு வாசகி, மதுரை.