கடையும் அரசினுடையது, விசாரணையும் அரசினுடையது

2024 ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூரு ராஜாஜிநகரில் உள்ள ஒரு பப்பில், கன்னடத் திரையுலகினர் சிலர் ஒரு படத்தின் வெற்றியைக் கொண்டாடினார்கள். அனுமதிக்கப்பட்ட நேரம் நள்ளிரவு 1 மணி வரைதான். விருந்து அதைத் தாண்டி நீண்டது. போலீசார் வழக்குப் பதிந்தார்கள். விருந்தில் இருந்த நட்சத்திரங்களுக்கும் நோட்டீஸ் போனது. கலால் துறை அந்தப் பப்பின் உரிமத்தை 25 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூலையில், கிரிக்கெட் வீரர் விராட் கோலி பங்குதாரராக இருந்த எம்.ஜி. சாலை பப் ஒன்றின் மீதும், இதே 1 மணிக் கெடுவை மீறியதாகக் கப்பன் பார்க் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. காலையில் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பக்கம் ஒரு பப் சத்தம் போட்டால் போலீஸ் வருகிறது, கலால் துறை வருகிறது, உரிமம் போகிறது. இந்தப் பக்கம் நம் தெருமுனைக் கடையால் தொல்லை என்றால் யார் வருவார்கள்? எந்த உரிமம் போகும்?

பதில் சொல்வதற்கு முன், இங்கே மது விற்கிற இடங்கள் எத்தனை வகை என்று பார்த்துவிட வேண்டும். முதலாவது டாஸ்மாக் சில்லறைக் கடை. இரண்டாவது, அந்தக் கடையை ஒட்டிய பார். கடை அரசினுடையது, பாரை ஏலத்தில் எடுத்து நடத்துபவர் தனியார். தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும்தான் காகிதத்தில் அவருக்கு உள்ள உரிமை. மூன்றாவது, எஃப்.எல்.2 உரிமம் பெற்ற மனமகிழ் மன்றம். உறுப்பினர்களுக்கு மட்டுமே என்பது விதி. உறுப்பினர் அட்டையை யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. நான்காவது, எஃப்.எல்.3 உரிமம் உள்ள ஓட்டல் பார். பெங்களூரில் பப் என்று சொல்வதற்கு இங்கே நெருங்கிய உறவு இதுதான்.

கடைசி இரண்டு வகையிலும் உரிமம் ஒரு தனியார் கையில் இருக்கிறது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அதைத் தருகிறது. நிபந்தனையை மீறினால் நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு. காவல் நிலையத்திலிருந்து மோசமான அறிக்கை ஒன்று போனால் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் மத்திகிரி போன்ற இடத்தில் மக்களின் புகார் பெரும்பாலும் முதல் இரண்டு வகையைப் பற்றியது. அங்கேதான் முடிச்சு.

டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் முழுதாக அதன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து கடை நடத்துவது அரசு நிறுவனம். கடைக்கு அனுமதி தருவது அரசு. புகாரை விசாரிப்பது அரசு அதிகாரி. கல்லாவுக்குக் காத்திருப்பதும் அரசு. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் கருவூலத்துக்குப் போனது சுமார் 45,855 கோடி ரூபாய். கர்நாடகத்தில் நிலை வேறு. அங்கே சி.எல்.2, சி.எல்.9 என்ற கடை, பார் உரிமங்கள் 1992-க்குப் பிறகு பல்லாண்டுகள் புதிதாக வழங்கப்படவில்லை. அதனால் பழைய உரிமம் ஒன்று கைமாறும்போது அதன் விலை கோடிகளில் போகும். அப்படிப்பட்ட சொத்தை 25 நாள் பூட்டிவைத்தால் முதலாளிக்கு வலிக்கும். டாஸ்மாக் கடையைப் பூட்டினால் வலி யாருக்கு? பூட்டச் சொல்கிற அதே அரசுக்கு.

தமிழ்நாட்டு விதி மக்களின் தொல்லையை எப்படி அளக்கிறது? மீட்டரில். மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், 2003-இன் 8-வது விதிப்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். மத்திகிரி முன்பு தனிப் பேரூராட்சி. ஓசூருடன் இணைந்து, 2019-இல் ஓசூர் மாநகராட்சியானதும் அதன் பகுதியாகிவிட்டது. ஊர் பெரிதாக ஆக, கடைக்கும் கோயிலுக்கும் இடையே சட்டம் கேட்கிற தூரம் பாதியாகிவிட்டது.

இன்னொரு விலக்கும் இருக்கிறது. நகரமைப்புத் துறை வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ குறித்த இடங்களில் இந்தத் தூரக் கட்டுப்பாடே பொருந்தாது. பெரிய நகரத்தின் கடைவீதியை நினைத்து எழுதியிருப்பார்கள். ஓசூரில் இதன் விளைவு வேறு. சிப்காட்டும் சிறுதொழில் கூடங்களும் வீட்டு மனைகளும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. வரைபடத்தில் தொழிற்பகுதி என்று நிறம் தீட்டிய இடத்துக்குப் பக்கத்து மனையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

50 மீட்டரைத் தாண்டிய ஒரு கடையின் மாலை நேரம் எப்படி இருக்கும்? இரும்புக் கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஷிப்ட் விட்டதும் வண்டிகள் சாலையின் பாதி வரை நிற்கும். குவார்ட்டர் வாங்குகிறவர் பாருக்குள் போனால் சைடிஷுக்குத் தனியே காசு அழ வேண்டும். அதனால் பக்கத்துக் காலி மனைதான் அவருக்குப் பார். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் உறை, மறுநாள் காலையில் உடைந்த கண்ணாடி. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் அந்த மனையைக் கடக்காமல் இருக்க நாலு தெரு சுற்றிப் போகிறார்கள். டேப் வைத்து அளந்தால் கடை மேல் ஒரு குற்றமும் இல்லை. கடை பத்து மணிக்கு ஒழுங்காகச் சாத்துகிறது. தொல்லை பத்து மணிக்குப் பிறகும் காலி மனையில் உட்கார்ந்திருக்கிறது.

மீட்டர் கணக்கின் குறையை நாடே பார்த்த ஆண்டு 2017. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 2017 மார்ச் 31-இல், 20,000 பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சாலை விபத்தைக் குறைக்கும் நோக்கில் வந்த தீர்ப்பு அது, நல்ல தீர்ப்புத்தான். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து கிளம்பிய கடைகள் ஊருக்குள், தோட்டத்துக்குள், குடியிருப்புத் தெருவுக்குள் இடம் தேடின. மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11-ஆம் தேதி நடந்த போராட்டத்தில் ஒரு காவல் அதிகாரி பெண் ஒருவரைக் கன்னத்தில் அறைந்த காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. ஜூலையில், நகர எல்லைக்குள் இந்த நெடுஞ்சாலைத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்தது. நெடுஞ்சாலை 44 நடுவே ஓடுகிற ஓசூர் போன்ற ஊருக்கு அந்த விளக்கத்தின் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த மண்ணுக்கு மதுச் சட்டத்தோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. இன்றைக்கும் டாஸ்மாக்கை ஆளுகிற சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. அதைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கு முதன்முதலில் அமலானது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஓசூர் அப்போது சேலத்தில்தான் இருந்தது. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939-இல் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கடையை மூடுவதற்கென்று எழுதிய சட்டத்தின் கீழ் கடை திறக்கும் விதிகளை எழுதி வைத்திருக்கிறோம். கடையால் தொல்லைப்படுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தெளிவான நாற்காலி போடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மது இருக்கவே கூடாது என்று நினைத்த சட்டம், இருக்கும் கடையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று யோசிக்கவில்லை.

யோசித்த இடங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் உரிமச் சட்டம், 2003 (நமக்கு டாஸ்மாக் சில்லறைக் கடை வந்த அதே ஆண்டு) நான்கு நோக்கங்களை வரையறுக்கிறது: குற்றத்தையும் கலவரத்தையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுப்பது, குழந்தைகளைக் காப்பது. இவற்றில் ஒன்று குலைந்தாலும் போலீஸோ, பக்கத்து வீட்டுக்காரரோ அந்தப் பப்பின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யும்படி உள்ளாட்சி மன்றத்தில் கேட்கலாம். 28 நாட்களுக்கு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். பிறகு கவுன்சிலர்கள் கொண்ட குழு இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்கும். நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை போடலாம், மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். ரத்து செய்வதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவே இத்தனை படிகள்.

லண்டனின் ஃபேப்ரிக் இரவு விடுதி இதற்கு நல்ல உதாரணம். 2016-இல் போதைப்பொருளால் 18 வயது இளைஞர்கள் இருவர் இறந்ததும் போலீஸ் மறுபரிசீலனை கேட்டது. இஸ்லிங்டன் மன்றம் செப்டம்பரில் உரிமத்தை ரத்து செய்தது. விடுதி மேல்முறையீட்டுக்குப் போனது. நவம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, அடையாள அட்டைச் சோதனை, வயது வரம்பு உயர்வு உள்ளிட்ட கடுமையான நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் விடுதி திறந்தது. மூடியது சரியா, திறந்தது சரியா என்பதில் லண்டன்காரர்களுக்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் காரணம் சொல்லி மூடினார்கள், நிபந்தனை எழுதித் திறந்தார்கள்.

நம் ஊரில் கைவசம் உள்ள வழிகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2022-இல் சில்லறை விற்பனை விதியில் வந்த திருத்தத்தின்படி, கடை அமைப்பதற்கு மக்கள் சொல்லும் ஆட்சேபணையை மாவட்ட ஆட்சியர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் மதுவிலக்கு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். புதிய கடைக்கு இது உதவும். பத்து வருடமாக இருக்கும் கடைக்கு? அங்கே கைகொடுப்பது மதுச் சட்டத்தைவிட குற்றவியல் நடைமுறைச் சட்டம். பழைய 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவாகியிருக்கிறது. பொதுத்தொல்லையை நீக்க நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். ஓசூருக்கு அவர் சார் ஆட்சியர். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-வது பிரிவு 24 மணி நேரம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, சமூக சேவையோ விதிக்கிறது. ஓட்டல் பாரின் இசை தூக்கத்தைக் கெடுத்தால், குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல் என்று ஒலி மாசு விதிகள், 2000 சொல்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கே தடை.

கடையை மூடச் சொல்லும்போது அதிகாரிகள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கே மூடினால் சிலர் எல்லையிலுள்ள ஜூஜுவாடி தாண்டிப் போய் டெட்ரா பாக்கெட் மதுவை வாங்கிவந்து விற்க மாட்டார்களா? எல்லையில் கர்நாடகச் சரக்கு பிடிபடுவது வாடிக்கையான செய்திதான். கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அது கடை இருக்க வேண்டும் என்பதற்கான வாதம். இந்தத் தெருவில், இந்தக் காலி மனையின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அது வாதமாகாது. 2016-இல் 500, 2017-இல் 500, 2023 ஜூன் 22-இல் 500 என்று அரசே பலமுறை கடைகளை மூடியிருக்கிறது. எந்தக் கடை என்று தேர்ந்தெடுத்ததும் அரசே. அந்தத் தேர்வில் தெருக்காரனுக்குப் பேச இடம் வேண்டும் என்பதுதான் கேட்பது. தொல்லைப் புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் கட்டாய விசாரணை, அதில் மாநகராட்சி உறுப்பினர், காவல் ஆய்வாளர், குடியிருப்போர், டாஸ்மாக் மாவட்ட மேலாளர் எல்லோரும் ஒரே மேசையில், முடிவில் எழுத்துப்பூர்வ உத்தரவு. இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2003 விதிகளில் ஒரு திருத்தம் போதும்.

அதுவரை மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "கடையால் தொல்லை, அகற்றித் தரவும்" என்று மட்டும் எழுதிய மனு கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் குவியும் காகிதங்களோடு சேர்ந்துவிடும்; அங்கிருந்து டாஸ்மாக் மேலாளருக்குப் போய், "விதிப்படி தூரம் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு திரும்பும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மத்திகிரி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கடையின் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த முகவரி நகரமைப்பு வரைபடத்தில் எந்தப் பகுதி, கடையைச் சுற்றி ஓராண்டில் எத்தனை புகார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். அந்தப் பதிலையும் ரசீதுகளையும் இணைத்து, ஆட்சியருக்கு ஒன்றும் 152-வது பிரிவின் கீழ் ஓசூர் சார் ஆட்சியருக்கு ஒன்றுமாக மனுவைக் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிவிடுங்கள். நாளை உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த ஒப்புகைகளைத்தான்.