கடைசி இடத்துக்கும் அடுத்த வருஷம் உண்டு!



உங்களுக்குப் பிடித்த அணி தோற்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்களா? "சாப்பாடு வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வீர்களா? ஒரு நாள் தோற்றால் பரவாயில்லை. சீசன் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தால்?

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருக்கும் ராசிங்காபுரம் எங்கள் ஊர். மேற்கே பார்த்தால் மலைத்தொடர். அதன் மேலே ஏலத் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்பட்டுவிடும். கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கம்புகளை நட்டால் கோல்போஸ்ட் தயார்!

இந்த ஆண்டு அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பேசிவைத்துக்கொண்டு, நான்கு அணிகளாகச் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினார்கள். எங்கள் ஊர் அணி மூன்று ஆட்டங்கள் ஆடியது. மூன்றிலும் தோல்வி. நான்கு அணிகளில் நான்காவது இடம்!

அன்று சாயங்காலம் எங்கள் அணியின் கோல்கீப்பர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். ஆறாம் வகுப்புப் பையன். முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு.

"சார், டீமைக் கலைச்சிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. பந்தை வித்து காசைப் பிரிச்சுக்கப் போறோம்" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பதினோரு பிள்ளைகள் பல மாதமாகச் சேர்த்துவைத்த காசில் வாங்கிய பந்து அது.

"கவலைப்படாதே, அடுத்த வருஷம் ஜெயிப்பீங்க" என்று சும்மா சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். சும்மா சொல்லும் ஆறுதலைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால், "ஒரு பழைய நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு வா" என்றேன். அவனுக்குச் சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏணியும் பாம்பும்

பரமபதம் ஆடியிருப்பீர்கள். சிலர் ஏணியில் ஏறுவார்கள், சிலர் பாம்பு வழியாக இறங்குவார்கள். நம் தமிழ்நாட்டின் இரண்டு கால்பந்து அணிகளுக்கு அப்படித்தான் நடந்தது.

2017-18 சீசனில், இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சென்னையின் எஃப்.சி. அணி கோப்பையை வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவிலேயே, பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தியது. அதே சீசனில் ஐ-லீக் என்ற இன்னொரு போட்டியில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அணிக்கு என்ன இடம் தெரியுமா? 10 அணிகளில் எட்டாவது!

அடுத்த சீசன் வந்தது. எல்லாம் தலைகீழ்! 2018-19இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது சென்னை சிட்டி. சூப்பர் லீக்கில் 10 அணிகளில் பத்தாவது இடத்துக்கு, அதாவது கடைசி இடத்துக்கு இறங்கியது சென்னையின் எஃப்.சி.

மந்திரத்தால் ஏறவும் இல்லை, சாபத்தால் இறங்கவும் இல்லை. காரணங்கள் இருந்தன. அவற்றைப் பார்ப்போமா?

ஒரே ஒரு புள்ளி

கால்பந்து லீக் போட்டியில் வெற்றிக்கு 3 புள்ளி. டிரா ஆனால் 1 புள்ளி. தோற்றால் பூஜ்யம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது இடத்தில் நின்ற சென்னை சிட்டி, அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்தது. கோல் அடிக்க ஆள் போதவில்லை அல்லவா? ஸ்பெயின் நாட்டு மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சியைக் கொண்டு வந்தது. அவர் ஒருவரே அந்த சீசனில் 21 கோல்களை அடித்தார்! கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் தமிழ்நாட்டு வீரர்களும் ஆடினார்கள்.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். இடம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள். கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 39. அந்த அணி அதே நாளில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே டிரா ஆகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கைவிட்டுப் போய்விடும்!

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளையின்போது சென்னை சிட்டி 0-1 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி உதையில் சமன் செய்தார். அதன்பிறகு கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால், இறுதிக் கணக்கு 43, 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அடிப்பாகத்தில் ஒரு முளை

இப்போது கடைசி இடத்துக்குப் போன சென்னையின் எஃப்.சி.க்கு வருவோம். 2018-19இல் அந்த அணி 18 ஆட்டங்கள் ஆடியது. வெற்றி 2, டிரா 3, தோல்வி 13. எத்தனை புள்ளி? கணக்குப் போட்டுவிட்டீர்களா? வெறும் 9!

பட்டியலை மட்டும் பார்த்தவர்கள், "இந்த அணி இனி அவ்வளவுதான்" என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால், எங்கள் பக்கத்து ஏல விவசாயிகள் அப்படி அவசரப்படமாட்டார்கள். கோடையில் ஏலச்செடி வாடி, தோகை காய்ந்து நிற்கும். மேலே பார்த்தால் செத்துப்போனது போலவே இருக்கும். விவசாயி உடனே பிடுங்கி எறியமாட்டார். குனிந்து தூரைப் பார்ப்பார். அங்கே புது முளை கிளம்பியிருக்கிறதா? ஏலத்துக்குப் பூவும் காயும் உச்சியில் வருவதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் கொத்துகளில்தான் வரும். முளை இருந்தால் நிழல் போட்டு, தண்ணீர் காட்டிக் காப்பாற்றுவார்.

சென்னையின் எஃப்.சி. அணியின் தூரைக் குனிந்து பார்ப்போமா?

கடைசி இடம் பிடித்த அதே ஆண்டில், 2019 ஏப்ரலில், சூப்பர் கோப்பை என்ற இன்னொரு போட்டி நடந்தது. அதில் இந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது! இறுதியில் கோவா அணியிடம் 1-2 என்றுதான் தோற்றது. கடைசி இடத்தில் இருந்த அணி இரண்டு மாதத்துக்குள் இறுதி ஆட்டம் ஆடுகிறது என்றால், ஆட்டம் இன்னும் அவர்கள் காலில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இது முதல் முளை.

அனிருத் தாபா என்ற இளம் வீரருக்கு அப்போது வயது 21தான். அவர் அணியிலேயே தொடர்ந்தார். இது இரண்டாவது முளை. கோல் அடிக்க லிதுவேனியா நாட்டு வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் வந்தார். பந்தை வகையாகக் கொடுக்க பிரேசில் நாட்டு வீரர் கிரிவெல்லாரோ வந்தார். இது மூன்றாவது.

அப்படியானால் 2019-20 சீசன் தொடங்கியதும் வெற்றி மேல் வெற்றியா? இல்லை குழந்தைகளே! முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். அதற்குப் பிறகுதான் முளை மேலே எழும்பியது.

சீசன் முடிவில் 8 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. முந்தைய வருஷம் 9 புள்ளி எடுத்த அணி இப்போது 29 புள்ளி! நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவை, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-5 என்று வென்றது. வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருது பெற்றார்.

2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டம். கொரோனா பரவத் தொடங்கிய நேரம். கோவாவில் பார்வையாளர் ஒருவர் கூட இல்லாத அரங்கத்தில் ஆடினார்கள். சென்னை 1-3 என்று கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் தோற்றது.

"அட, கடைசியில் தோல்விதானா?" என்று கோல்கீப்பர் பையனும் கேட்டான். ஆமாம், தோல்விதான். நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். காரணத்தோடு வரும் நம்பிக்கைகூடக் கோப்பையை உறுதியாகத் தந்துவிடாது. பட்டம் வென்ற சென்னை சிட்டி, 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் ஆடவில்லை. சென்னையின் எஃப்.சி.யும் 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வது இடத்துக்கு இறங்கியது. ஆனால், 9 புள்ளியிலிருந்து 29 புள்ளிக்கு வந்தது நிஜம் அல்லவா? அந்த அணியை நடுவில் கலைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

இங்கிலாந்தில் ஒரு அதிசயம்

கடல் கடந்தும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஓர் அணி. 2014-15 சீசனில் 29 ஆட்டங்கள் முடிந்தபோது 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் இருந்தது. மிச்சம் 9 ஆட்டங்கள். அதில் ஏழில் வென்றது! மொத்தம் 41 புள்ளிகளோடு 14-வது இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு, 2015-16இல், அதே அணி இங்கிலாந்தின் சாம்பியன்! உலகமே வாயைப் பிளந்தது. ஆனால், அந்தக் கடைசி 9 ஆட்டங்களைக் கவனித்தவர்களுக்கு முளை முன்பே தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர்க் கணக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு, "இப்போ உங்க டீமோட கணக்கை எழுது" என்றேன். அவன் எழுதினான். முதல் ஆட்டம் 0-6. இரண்டாவது 1-3. மூன்றாவது 1-2.

எழுதி முடித்ததும் அவனே பென்சிலை நிறுத்திவிட்டான். "சார், ஆறு, மூணு, ரெண்டுன்னு குறைஞ்சுக்கிட்டே வருது!"

"எப்படி கோல் விழுந்துச்சு?" என்று கேட்டேன். யோசித்தான். வாங்கிய 11 கோல்களில் நான்கு, கார்னர் உதையிலிருந்து வந்தவை. எல்லாரும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பக்கத்தில் நின்ற எதிரணி ஆளை ஒருவரும் கவனிக்கவில்லை. இது பயிற்சியில் சரிசெய்யக்கூடிய தப்பு.

"அடுத்த வருஷம் யார் போறா, யார் வர்றா?" என்று அடுத்த கேள்வி. எட்டாம் வகுப்பு அண்ணன்கள் இரண்டு பேர் வெளியூருக்குப் படிக்கப் போகிறார்கள். அது நஷ்டம்தான். அதையும் எழுதச் சொன்னேன். வருவது யார்? அவனுக்குச் சட்டென்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் தங்கச்சி கேட்டுக்கிட்டே இருக்கா சார். நாங்கதான் சேர்க்கல. அவ இடது காலால நல்லா உதைப்பா" என்றான்.

"உங்க டீமில் இடது கால்காரர் யாராவது இருக்காங்களா?"

"யாருமே இல்ல சார்!"

நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தப் பந்து விற்கப்படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் கண்மாய்க் கரை வழியாகப் போனபோது கார்னர் உதைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூலையில் பந்தை வைத்து உதைத்தது ஒரு சிறுமி. இடது காலால்! கோல்கீப்பர் அண்ணன் எகிறிக் குதித்தும் பந்து சிக்கவில்லை. திட்டிக்கொண்டே எடுக்க ஓடினான்.

அடுத்த வருஷம் அவர்கள் ஜெயிப்பார்களா? நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. போட்டியன்று கரையில் உட்கார்ந்து கை தட்டப்போகிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள்!

உங்கள் அணி தோற்றுவிட்டதா? ஒரு நோட்டை எடுத்து இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. முதல் ஆட்டத்தைவிடக் கடைசி ஆட்டத்தில் தோல்வியின் அளவு குறைந்ததா?
2. கோல்கள் எப்படி விழுந்தன? ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்ததா?
3. யார் போகிறார்கள்? யார் வருகிறார்கள்?
4. சேர்க்காமல் விட்டுவைத்த நல்ல ஆட்டக்காரர் யாராவது பக்கத்திலேயே இருக்கிறாரா?
5. அடுத்த போட்டிக்கு முன் எத்தனை நாள் பயிற்சி செய்யலாம்?

நல்ல விடையோடு கெட்ட விடையையும் மறைக்காமல் எழுதுங்கள். கால்பந்துக்கு மட்டுமல்ல, கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் இந்தக் கணக்கு உதவும். கணக்கு மதிப்பெண் குறைந்துபோன ரேங்க் கார்டுக்கும் உதவும்!